சிங்கப்பூரில் அண்டை வீட்டாராக இருக்கப் பழகுவது

சிங்கப்பூரில் வேலை கிடைத்து, மனைவியோடும் ஆறு வயது மகளோடும் குடிபெயரவிருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அங்கே ஒற்றுமையாக வாழ்வதாகச் சொல்கிறார்களே, அது மனம் ஒப்பி வந்த ஒற்றுமையா, சட்டத்துக்கு அஞ்சி வந்ததா என்பது முதல் கேள்வி. புதிதாக வருபவர் அன்றாடப் பழக்கவழக்கங்களில் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மகளுக்குத் தமிழ் நிலைக்குமா என்பது மூன்றாவது. இங்கே அடுக்குமாடி வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை அவருக்கே சொல்வதுபோலச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மக்களை அருகருகே குடிவைத்தது அரசு. அப்படி வைக்கப்பட்ட பிறகு ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகிக்கொண்டது மக்கள். இங்குள்ள இனங்கள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடவில்லை. அடுத்தவர் எதை உண்ணமாட்டார், எந்த நாளில் எதைச் செய்யமாட்டார், எந்தப் பேச்சை விரும்பமாட்டார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டாமல், ஆனால் அதை ஒட்டியே மிக நெருக்கமாக வாழ்கிறார்கள். இந்த நகர நாட்டின் அன்றாட மரியாதைகள் பெரும்பாலும் இந்த ஒரு திறமையில்தான் அடங்கியிருக்கின்றன.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த சுமார் 40 லட்சம் பேரில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு, மற்றவர் 3.2 விழுக்காடு. இந்த விகிதத்தில் அமைதி தானாக வந்துவிடவில்லை. 1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது மேலும் 13 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. பள்ளிகள் ஆண்டுதோறும் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடுவது அந்த ஜூலை 21ஐ நினைவில் வைத்துத்தான். பிள்ளைகள் அன்று சேலையும் சீனரின் சியோங்சாமும் மலாய்க்காரரின் பாஜு கூரோங்கும் மாற்றி மாற்றி உடுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள்; எதற்காக அந்தத் தேதி என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1966இல் வரைந்த தேசிய உறுதிமொழியைப் பள்ளி மாணவர்கள் நாள்தோறும் சொல்கிறார்கள். அதன் தமிழ் வடிவம் ‘இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு’ என்று போகும். ‘மறந்து’ என்ற அந்தச் சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு சிறு புன்னகை உண்டு, ஏனென்றால் இங்கே யாரும் எதையும் மறப்பதில்லை. அடையாள அட்டையிலேயே இனம் அச்சிடப்பட்டிருக்கிறது. பள்ளியில் பிள்ளை எந்தத் தாய்மொழியைப் படிக்கும் என்பதும், எந்தப் புளோக்கில், அதாவது எந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், யார் வீடு வாங்கலாம் என்பதும் பெருமளவு அந்த ஒரு சொல்லை ஒட்டியே அமைகின்றன.

வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. சிங்கப்பூர்வாசிகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில், இங்கே நாங்கள் சொல்லும் வழக்கில் வீவக வீடுகளில், வசிக்கிறார்கள். கம்பம் எனப்படும் பழைய கிராமக் குடியிருப்புகளை அகற்றி அடுக்குமாடிகளில் குடியேற்றிய பிறகும், ஒரே இனத்தார் ஒரே பேட்டையில் மீண்டும் சேரத் தொடங்குவதைக் கண்ட அரசு, 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: சீனருக்கு 87 விழுக்காடு, மலாய்க்காரருக்கு 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. இந்தக் கடைசி வரம்பு முதலில் 13 ஆக இருந்து 2010இல் உயர்த்தப்பட்டது. பேட்டை முழுமைக்கும் இவற்றைவிடச் சற்றுக் குறைந்த வரம்புகள் தனியே உள்ளன.

இது செயல்படும் விதத்தைப் பாருங்கள். ஒரு புளோக்கில் சீனர் பங்கு வரம்பைத் தொட்டுவிட்டால், அங்கு வீடு வைத்திருக்கும் சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம், ஏனென்றால் கணக்கு மாறாது. அதே புளோக்கில் வீடு வைத்திருக்கும் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் சீனர்களாக இருக்கும் ஊரில் இதன் பொருள் என்ன என்பது உங்களுக்கே புரியும்: ஆள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், கிடைத்த ஆளுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். அரசும் இந்தப் பாதிப்பை ஒப்புக்கொண்டு, உண்மையிலேயே விற்க இயலாமல் தவிப்பவர்களின் வீடுகளைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தது. ஆகவே ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையில் கூடுதல் பங்கைச் சிறுபான்மையினர் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் இந்தக் கொள்கையை எடுத்துவிடலாமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் வீட்டு வாசலில் நான்கு இனத்துச் செருப்புகள் கிடக்கும் நடைபாதையை அதுதான் எனக்குக் கொடுத்தது. நீங்கள் வாடகைக்கு வருவதால் இந்த இனக் கணக்கு உங்களைத் தொடாது. ஆனால் முழு வீட்டை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டவருக்கென்று வேறொரு வரம்பு உண்டு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு. வீடு பார்க்கும்போது அந்த இடம் நிரம்பிவிட்டதா என்று முகவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நடைபாதையிலிருந்து மின்தூக்கியில் இறங்கினால் புளோக்கின் கீழ்த்தளம். தூண்கள் மட்டும் நிற்கும் வெறும் சிமெண்டுத் தளம் அது. எங்கள் புளோக்கில் ஒரு முறை வியாழக்கிழமை அங்கே வெள்ளைத் துணி கட்டினார்கள். மூன்றாம் மாடியில் இருந்த சீன முதியவர் இறந்திருந்தார். ஐந்து நாள் சடங்கு. இரவெல்லாம் வட்ட மேசைகளைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்து வேர்க்கடலையும் தர்ப்பூசணி விதையும் கொறித்துக்கொண்டு விழித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கழுவித் துடைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை அதே தூண்களில் பச்சையும் பொன்னிறமுமாகத் துணி சுற்றி, மலாய்த் திருமணத்துக்கு மேடை போட்டிருந்தார்கள். மறுநாள் நண்பகலில் கொம்பாங் மேளம் முழங்க மாப்பிள்ளை வந்து இறங்கினார். சாவு நடந்த இடத்தில் கல்யாணமா என்று ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா பதறிப்போனார். இங்கே அது யாருக்கும் உறுத்தாது. நகர மன்றத்திடம் முன்அனுமதி பெற்றாயிற்று, முறை வந்தாயிற்று, அவ்வளவுதான்.

சீனரின் துக்க வீட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால் ஓர் உறையில் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தத் தொகை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். விருந்தினருக்கு ஒரு சிவப்பு நூல் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும் முன் எறிந்துவிடுவார்கள். விடைபெறும்போது ‘மீண்டும் பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள். மங்கலக் காரியமானால் கணக்கு நேர்மாறு: சீனப் புத்தாண்டுக்கும் திருமணத்துக்கும் சிவப்பு உறையில் வைக்கும் தொகை இரட்டைப்படையில் இருக்க வேண்டும், அதிலும் நான்கு கூடாது, அந்த எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதே காரணம். நாம் நூற்றியொன்று வைக்கும் பழக்கத்தில் பதினொரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வைத்துச் சீனத் திருமணத்துக்குப் போய்விடுவது தமிழர்கள் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன், வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு சகஊழியர்தான் பிறகு மெதுவாக எடுத்துச் சொன்னார்.

இனி உணவு. இங்கே ஒருவரையொருவர் மக்கள் அறிவது உணவங்காடி நிலையத்தில்தான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. காலையில் கோப்பிக் கடை முன் நின்று பாருங்கள். ‘கோப்பி ஓ கோசோங் பெங்’ என்று ஒருவர் கேட்பார். கோப்பி மலாய்ச் சொல். ஓ என்பது ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழியில் கறுப்பு, அதாவது பால் இல்லாமல். கோசோங் மலாயில் வெறுமை, அதாவது சீனி இல்லாமல். பெங் மறுபடியும் ஹொக்கியனில் பனிக்கட்டி. கேட்டவர் தமிழராகவும் கலக்கிக் கொடுப்பவர் ஹைனான் சீனராகவும் இருக்கலாம். இருவருக்கும் அது வேற்றுமொழி என்ற எண்ணமே வராது. மீ கோரெங் என்பது சீன நூடுல்ஸைக் கொண்டு தமிழ் முஸ்லிம்கள் கிளறும், மலாய்ப் பெயர் கொண்ட உணவு. மலாய் மொழியில் கடைக்குக் கெடாய் என்றும் கப்பலுக்குக் காப்பால் என்றும் பெயர் வந்தது தமிழிலிருந்து. புளோக்கின் கீழே இருக்கும் சின்ன மளிகைக் கடையைச் சீனர்களும் ‘மாமா கடை’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள்.

இத்தனை கலப்பு உணவில் இருந்தாலும், தட்டில் கலப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துச்சென்று வைப்பது 2021 முதல் உணவங்காடி நிலையங்களில் கட்டாயம். வைக்கும் அடுக்குகள் இரண்டாக இருக்கும், ஒன்று ஹலால், மற்றொன்று ஹலால் அல்லாதது. தட்டுகளும் நிறத்தால் வேறுபட்டிருப்பதுண்டு. பன்றி இறைச்சி பட்ட தட்டை ஹலால் அடுக்கில் வைத்துவிட்டால் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள். ஆனால் பக்கத்து மேசையில் ஒரு மலாய் அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது உங்களுக்கு நெடுநாள் நினைவிருக்கும். அலுவலக விருந்தென்றால் ஹலால் உணவு வரவழைப்பது எழுதப்படாத விதி. மாட்டிறைச்சி இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். சைவம் தனி மேசையில் தனிக் கரண்டியோடு இருக்கும். வீட்டுக்கு மலாய் நண்பரை அழைத்தால் காகிதத் தட்டில் பரிமாறுவது அவமதிப்பு ஆகாது, மாறாக அது ஒரு கரிசனம். மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். சட்டத்தில் இல்லாத இந்த விதியை மீறுபவரை நான் கண்டதில்லை.

வழிபாட்டிடங்களில் இதே அருகாமை கல்லில் நிற்கிறது. சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயில், சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் வணிகத் தளத்தை அமைத்த ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவியது. அந்தக் கோபுரத்தால்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர். அடுத்தது டெம்பிள் ஸ்திரீட். சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலால் மாஸ்க் ஸ்திரீட். சீனர் பேட்டையின் மூன்று தெருக்களுக்குத் தமிழரின் கோயிலும் பள்ளிவாசலும் பெயர் கொடுத்திருக்கின்றன. சற்றுத் தள்ளித் தெலுக் ஆயர் தெருவில் ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயிலும், நம் நாகூரை நினைவில் வைத்துக் கட்டிய நாகூர் தர்காவும் ஒரே வரிசையில் உள்ளன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வாட்டர்லூ தெரு. குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள், அங்கே வணங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்காகவே கிருஷ்ணன் கோயில் வாசலில் பெரிய ஊதுபத்திக் கலயம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடக்கும் கூட்டத்தில் பால்குடமும் காவடியும் சுமக்கும் சீனர்களை ஆண்டுதோறும் காணலாம். அந்தத் தைப்பூசம் 1968 முதல் பொது விடுமுறையாக இல்லை என்பது தமிழர்களின் நெடுநாள் குறை. அதே ஆண்டு நபிகள் நாயகத்தின் பிறந்தநாளும் பட்டியலிலிருந்து நீங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பண்டிகைகளில் அழைப்பை மறுக்காதீர்கள். சீனப் புத்தாண்டுக்குப் போகும்போது இரண்டு ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுங்கள். அவர்கள் வேறு இரண்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். உறையைக் கொடுத்தவர் முன் பிரிக்கக் கூடாது என்று மகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். மலாய் வீட்டில் வலக்கையால் உண்ணுங்கள், அது நமக்குப் புதிதல்ல. ஆவிகளுக்குப் படைக்கும் மாதமான சீனரின் ஏழாம் மாதத்தில் புல்தரையில் படையலும் மெழுகுவத்தியும் இருக்கும். மிதிக்காமல் சுற்றிப் போங்கள். அப்போது போடும் கெத்தாய் மேடை நிகழ்ச்சியில் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை ஆவிகளுக்கு, உட்கார்ந்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முறுக்கு கூடுதலாகச் சுடுங்கள். அது இங்கே நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும்கூட டப்பாவில் அடைத்து விற்கப்படும் பண்டம். வயதில் மூத்த யாரையும், டாக்ஸி ஓட்டுநரானாலும் துப்புரவாளரானாலும், அங்கிள், ஆண்டி என்று அழைப்பது மரியாதை.

உரசலே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2011இல் செய்தித்தாளில் வந்த ஒரு சம்பவம்: சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டின் கறிக்குழம்பு வாசம் பிடிக்கவில்லை, சமரசப் பேச்சில், அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் இந்தியக் குடும்பம் குழம்பு வைப்பது என்றும், அவர்களும் அந்தக் குழம்பைச் சுவைத்துப் பார்ப்பது என்றும் முடிவானது. செய்தி வெளியானதும் ஊரே பொங்கியது. ஆகஸ்ட் 21 ஞாயிறன்று எல்லா வீட்டிலும் குழம்பு வைப்போம் என்ற அழைப்புக்குப் பல்லாயிரக்கணக்கானோர் இணையத்தில் ஆதரவு தெரிவித்தார்கள், அவர்களில் சீனர்களும் திரளாக இருந்தார்கள். உள்ளூர்ச் சீனர்கள் அந்தச் சண்டையில் குழம்பின் பக்கம் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள்; இங்கே பிளவு பல நேரங்களில் இனத்தால் வருவதில்லை, பழையவர் புதியவர் என்பதால் வருகிறது. நீங்களும் புதியவர்தான்.

வாடகைக்கு வீடு தேடும்போது ‘இந்தியருக்கு இல்லை’ என்ற பதில் உங்களுக்கும் கிடைக்கலாம். நேரடியாகச் சொல்லாமல் ‘சமைப்பீர்களா’ என்று கேட்பார்கள். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. அதைவிட ஆழமான கோடு ஒன்று உண்டு. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள் மேலே சொன்ன வீவகக் கணக்கு எதிலும் வருவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு ஒதுக்குப்புறமான தங்குவிடுதிகளில் வசிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வட்டாரத்துத் தேக்காவில்தான் அவர்களைத் திரளாகக் காண முடியும். 2013 டிசம்பர் 8 அன்று பேருந்து மோதி இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்ததை அடுத்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டபோது, அந்தக் கோடு எவ்வளவு அழுத்தமானது என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதே தமிழ் பேசும் நாமும் அந்தக் கோட்டின் இந்தப் பக்கத்தில் நின்று அவர்களைப் பார்ப்பதுதான் எனக்கு உறுத்தல்.

மகளின் தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயில் நிலைய அறிவிப்பில் ஒலிக்கிறது, வெள்ளித் தாளில் அச்சாகிறது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இன்றும் நாள்தோறும் வெளிவருகிறது, ஏப்ரல் முழுவதும் தமிழ்மொழி மாத நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இவ்வளவு இருந்தும், 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர், ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காட்டினர். சீனர் வீடுகளிலும் இதே கதைதான். 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பிறகு, ஹொக்கியன் மட்டும் தெரிந்த பாட்டியோடு பேரன் பேச முடியாமல் போன குடும்பங்கள் ஏராளம். உள்ளூர்ப் பள்ளியில் இடம் கிடைத்தால் மகள் தமிழைப் பாடமாகப் படிக்கலாம். அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டால், வேறு பள்ளியிலோ நிலையத்திலோ பிற்பகலில் நடக்கும் வகுப்புக்கு அனுப்புவார்கள். ஆறு மாதத்தில் அவள் தோழிகளோடு ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு ‘லா’ சேர்த்துப் பேசத் தொடங்குவாள். அதைத் திருத்த வேண்டாம். வீட்டுக் கதவுக்குள் நீங்கள் இருவரும் அவளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.